மிராசுதாருக்கு நான் எழுதிக் கொடுத்த பிள்ளை

வக்கீல் குமாஸ்தா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கேட்பதெல்லாம் ஒன்றுதான். புரோபேட் மனுவுக்கு எத்தனை நகல் வைக்க வேண்டும், ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்ட வேண்டும், எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும். அதையெல்லாம் நீதிமன்றச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள், கண் தெரிந்தால் போதும். நாற்பது வருஷம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்க வேண்டியது அது இல்லை. இறந்தவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டதும் கட்சிக்காரர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். உடனே சொன்னால் மனுவை எழுதலாம். பதில் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காப்பிக்குச் சொல்லுங்கள்.

அப்படி முகத்தைப் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அதில் என் பங்கு என்ன என்பதை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் இவ்வளவும் வந்தது.

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த காலம் அது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர். மீதி உபரி. அதை சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும். குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால், கூடுதலாக உள்ள ஒவ்வொரு தலைக்கும் ஐந்து ஏக்கர் வைத்துக்கொள்ளலாம். சட்டம் எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். அது வந்த பிறகு எங்கள் டெல்டாப் பக்கத்து மிராசுதார் வீடுகளில் பிள்ளைப்பேறு திடீரென்று கூடிவிட்டது. சில வீடுகளில் பெற்றவளுக்கே தெரியாமல் பிள்ளை பிறந்தது.

எங்கள் வக்கீலுக்கு ஒரு மிராசுதார் கட்சிக்காரர். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் தோள் துண்டின் கரையும் மாறும். மேடையில் நிலச் சீர்திருத்தத்தைப் பாராட்டிப் பேசிவிட்டு, இறங்கிய கையோடு நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து அதிலிருந்து தப்பிக்க வழி கேட்பார். ஒரு பகுதியைக் கோயில் கட்டளைக்கு எழுதினார். ஒரு பகுதியை மாமனார் வீட்டுப் பக்கம் தள்ளினார். எல்லாம் தள்ளியும் ஐந்து ஏக்கர் மிஞ்சியது. வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் வந்தால் வந்தது என்று கிடக்கும் நிலம். அதில் அவருடைய பண்ணையாள் காத்தமுத்து தலைமுறையாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். குத்தகைச் சீட்டு எதுவும் அவனிடம் கிடையாது. மிராசுதாருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். அவரையும் சேர்த்தால் சரியாக ஐந்து பேர்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உச்சவரம்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"ஆறு பேர்னு போட்டுடு."

"ஆறாவது யாருங்க?"

"அதைக் கர்ணம் பார்த்துப்பார். நீ பேரை மட்டும் நல்ல பேரா வை."

பாலசுப்பிரமணியன், வயது எட்டு என்று எழுதினேன். பிற்பாடு என் சொந்தப் பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு யோசித்துப் பெயர் வைத்ததில்லை. கிராமக் கணக்கு வைத்திருந்த கர்ணம், எட்டு வருஷத்துக்கு முந்திய பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி இடம் கண்டுபிடித்தார். மை காய்ந்ததும் மிராசுதாருக்கு மூன்றாவது மகன் பிறந்துவிட்டான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கெட்டிக்காரன் என்று வக்கீல் சொன்னார். அந்தச் சொல்லில் மயங்கி எத்தனை குமாஸ்தாக்கள் கெட்டுப்போனார்கள் என்று எனக்குத் தெரியும், முதல் ஆள் நான்.

படிவத்தைப் பார்த்த அதிகாரிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குடும்பத்தை நேரில் பார்க்க வருகிறேன் என்று ஓலை அனுப்பினார். வீட்டில் ஒரே அமளி. எட்டு வயதுப் பையனுக்கு எங்கே போவது. உறவுக்காரப் பிள்ளையை வைத்தால் நாளைக்கு அந்த உறவுக்காரனே பங்கு கேட்பான் என்று மிராசுதார் பயந்தார். பங்கு கேட்க முடியாத பிள்ளையாகப் பார்த்துத் தேடினார்கள். காத்தமுத்துவின் மகன் மாரிமுத்துவுக்கு எட்டு வயது.

அன்றைக்கு அங்கே எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வக்கீல் என்னை அனுப்பியிருந்தார். அதுவரை கொல்லைப்புறத்தைத் தாண்டி அந்த வீட்டுக்குள் வந்திராத பையனைக் குளிப்பாட்டி, கூடத்தில் மிராசுதார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இளைய மகனின் பழைய பட்டுச் சட்டையை அவனுக்குப் போட்டுப் பொத்தான் மாட்டிவிட்டது நான்தான். பெயரைப் பத்து தடவை சொல்ல வைத்தேன். அதிகாரி வந்து, "உன் பேர் என்ன தம்பி" என்று கேட்டார். சரியாகச் சொன்னான். எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். "கூச்ச சுபாவங்க" என்றார் மிராசுதார். அதிகாரி குனிந்து பையனின் காலைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. இலை போட்டிருந்தார்கள். சாப்பிட்டார், ஆறு பேரையும் நேரில் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், போனார்.

அவருடைய ஜீப் வாய்க்கால் மதகைத் தாண்டியிருக்காது, பையனின் சட்டையைக் கழற்றிக்கொண்டார்கள். அவன் சாப்பிட்ட இலையை அவனையே எடுக்கச் சொன்னார்கள். பிறகு நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவன் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிட்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். அது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. காரியம் முடிந்தது என்று நிம்மதியாகக் காப்பி குடித்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து ஏக்கருக்கும் பாலசுப்பிரமணியன் பெயரில் பட்டா வந்தது. அப்புறம் ஆட்சிகள் மாறின, பரம்பரைக் கர்ணம் பதவியையே ஒழித்தார்கள், அறுவடைக்கு அறுவடை கூலிக்காகச் செங்கொடி ஊர்வலம் போனது, போலீஸ் வேன் வந்தது. பாலசுப்பிரமணியன் மட்டும் எதிலும் சிக்காமல் பதிவேட்டில் சௌக்கியமாக வளர்ந்தான். அவன் நிலத்தை உழுததும் நட்டதும் காத்தமுத்துவும், கொஞ்ச வயசானதும் மாரிமுத்துவும்.

இருபத்தைந்து வருஷம் கழித்து மிராசுதார் காலமானார். உயில் எழுதியிருந்தார். அதில் சென்னை வீடு ஒன்றும் இருந்தது. நம் பக்கத்துச் சொத்துக்கு மட்டும் என்றால் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமில்லை. சென்னை நகரத்துச் சொத்து இருந்தால், உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரை போட்டுத் தந்தே ஆக வேண்டும். மூத்த மகன் கணேசன் தம்பியோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். வழக்கம்போல் கேட்டேன்.

"அப்பாவுக்குப் பிள்ளைங்க எத்தனை பேருங்க?"

கணேசன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது.

தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்று ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், அப்புறம் ஐந்தாவதாகப் பாலசுப்பிரமணியன். புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் நேர்மையான இளைஞர், பட்டாவில் தகப்பன் பெயரைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். நேர்மையானவர்கள் இப்படித்தான், எந்தப் பொய்யையும் விடாமல் நகல் எடுத்துவிடுவார்கள்.

"அப்படி யாருமே இல்லைன்னு எழுதிடுங்க" என்றார் கணேசன்.

"அப்ப உச்சவரம்புப் படிவத்துல எழுதினது பொய்னு ஆயிடும். அஞ்சு ஏக்கரும் உபரி. அதோட மத்த நிலத்தையும் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க" என்றார் வக்கீல்.

"செத்துட்டான்னு எழுதுங்க."

"இறப்புச் சான்று வேணும். எங்க எரிச்சோம்னு கேப்பாங்க."

"காணாமப் போயிட்டான்னு?"

வக்கீல் என் பக்கம் திரும்பினார். ஏழு வருஷமாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம். ஆனால் அதற்குப் போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும். புகாரில் புகைப்படம் கேட்பார்கள், அங்க அடையாளம் கேட்பார்கள், கடைசியாக என்ன உடுத்தியிருந்தான் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

நான் உடனே ஒரு யோசனை சொன்னேன். கெட்டிக்காரன் இல்லையா. பாலசுப்பிரமணியனை எதிர்மனுதாரராகச் சேர்ப்போம். விலாசம் பட்டாவில் இருக்கிற கிராமத்தையே போடுவோம். அமீனா அழைப்பாணையைக் கொண்டுபோவார், ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிவிடுவார். பத்துப் பேர் படிக்கிற ஒரு பேப்பரில் விளம்பரம் போடுவோம். யாரும் வர மாட்டார்கள். அழைத்தும் வராதவர் என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டு, அவர் ஆட்சேபிக்கவில்லை என்று சொல்லிப் புரோபேட் வாங்கிவிடலாம். இல்லாத ஆள் ஆட்சேபிக்காமல் இருப்பது சட்டப்படி முழுக்கச் சரி. வக்கீல் என் முதுகில் தட்டினார்.

நான் செய்த தப்பு என்ன என்று இப்போது சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டைப் பார்த்தேன், பட்டாவைப் பார்த்தேன், சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். காத்தமுத்துவின் தெருவுக்கு ஞாபகம் இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. சட்டை போட்டு இலையில் உட்கார்ந்துவிட்டு வந்த அன்று சாயங்காலத்திலிருந்தே மாரிமுத்துவுக்கு அவன் தெருவில் 'சின்னப் பண்ணை' என்று பெயர். இருபத்தைந்து வருஷமாகக் கேலி நிற்கவில்லை. அவன் கல்யாணத்தில்கூட 'சின்னப் பண்ணை வாராரு, வழி விடுங்க' என்று கத்தியிருக்கிறார்கள்.

அமீனா போய்ப் பாலசுப்பிரமணியன் வீடு எது என்று கேட்டதும் மிராசுதார் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கேட்டதும் ஊரே சிரித்துக்கொண்டு அவரை மாரிமுத்து வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றிருந்த மாரிமுத்து காகிதத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு பாலசுப்பிரமணியன் என்று திருத்தமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். சார்வாகிவிட்டது, அதாவது உரியவர் கையில் சேர்ந்துவிட்டது என்று அமீனா எழுதினார்.

வாய்தா நாளில் நீதிமன்றத்து டவாலி வாசலில் நின்று மூன்று தடவை பாலசுப்பிரமணியன் பெயரைக் கூப்பிட்டார். வழக்குக் கட்டைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த வழக்குக்குத் தயாரானேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆஜருங்க."

கணேசன் நாற்காலியில் இருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக மாரிமுத்து முன்னால் வந்து கைகட்டி நின்றான். நீதிபதி அவனையும் மிராசுதாரின் மகன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் பாலசுப்பிரமணியனா? காலமானவருக்கு மகனா?"

"எனக்குத் தெரியலைங்கய்யா. எனக்கு எட்டு வயசு இருக்கறப்ப சர்க்கார் வந்து கேட்டுச்சு. இவங்கதான் ஆமா, எங்க புள்ளைன்னாங்க. இப்ப இல்லைன்னா அதையும் இவங்களே சொல்லட்டும்."

நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கட்டைப் புரட்டினார். மகன் என்று சொன்னால் அவனுக்கு எல்லாவற்றிலும் வில்லங்கம் செய்ய வாய் கிடைத்துவிடும். மகன் இல்லை என்று சொன்னால் படிவம் பொய், நிலம் உபரி. கடைசியில் எல்லா வக்கீல்களும் சொல்வதைச் சொன்னார். கட்சிக்காரரிடம் கலந்து பேச அவகாசம் வேண்டும்.

அன்று ஆபீசில் கணேசன் கூச்சல் போட்டார். போலீசில் பிடித்துக் கொடுக்கிறேன், ஆள்மாறாட்டம் என்றார். ஆள்மாறாட்டம் செய்தது யார் என்று விசாரிப்பார்களே என்று வக்கீல் அமைதியாகச் சொன்னதும் அடங்கினார். பிறகு வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கே வாய் பிளந்துவிட்டது, அவ்வளவு சாமர்த்தியம். பாலசுப்பிரமணியன் மகன்தான் என்று ஒப்புக்கொள்வோம். அவர் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். என் பெயரில் இருக்கிற ஐந்து ஏக்கர் எனக்குப் போதும், மற்ற எதிலும் பாத்தியதை இல்லை என்று. படிவம் மெய்யாகிவிடும். உயில் நிற்கும். கடைமடை நிலம்தானே, போனால் போகட்டும்.

மாரிமுத்துவிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"நெலம் எங்களுக்கு வந்துடுங்களா?"

"பத்திரம் பதிஞ்ச அன்னிக்கே."

"அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியலைங்க. அந்த நெலத்துல அவரு போட்ட வரப்பை இன்னும் கையால தடவிப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அது எங்களுதுன்னு ஒரு நாளாவது அவரு கேட்டுட்டுப் போகணும். சரிங்க, போடறேன்."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். எதிரே வக்கீல் வைத்து வாதாட முடியாதவனிடம் நியாயமான சமரசம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. பத்திரத்தை நானே எழுதினேன். 'காலஞ்சென்ற மிராசுதார் அவர்களின் மூன்றாவது குமாரர் பாலசுப்பிரமணியன்' என்று மணிமணியான எழுத்தில்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் ஆபீசில் கூட்டம். கணேசன் வெளியே காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், இந்தப் புதுத் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை. மாரிமுத்து என் பக்கத்தில் இருந்தான். எங்கள் முறை வர இன்னும் இரண்டு பேர்தான்.

"சீக்கிரம் முடிஞ்சுடுங்களா? இதே கையோட தாலுகா ஆபீஸ் போகணும். மக ஏழாவது படிக்குது, டவுன் ஆதிதிராவிடர் ஹாஸ்டல்ல. சாதிச் சான்று கேக்கறாங்க" என்று பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினான். "இதைச் சரியா எழுதியிருக்கேனான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். மாணவியின் தகப்பனார் பெயர் மாரிமுத்து. தகப்பனாரின் தகப்பனார் பெயர் காத்தமுத்து. என் கையில் இன்னொரு காகிதம் இருந்தது, அதே ஆள், அதில் தகப்பன் வேறு. ஒன்று இந்த ஜன்னலில், மற்றொன்று அடுத்த கட்டடத்து ஜன்னலில். இரண்டும் ஒரே நாள் தேதி.

திரும்பவும் ஒரு தடவை படித்தேன். மிராசுதாரின் மகன் என்று பதிவான பத்திரத்தில் இவன் கையெழுத்துப் போட்டுவிட்டால், இவன் காத்தமுத்துவின் மகன் இல்லை. இவன் மகளுக்கு அந்தச் சான்று கிடைக்காது. கிடைத்தாலும் ஊரில் எவனாவது ஒருவன் இந்தப் பத்திரத்தின் நகலை வைத்து மனுப் போட்டால் ரத்து. ஹாஸ்டல் போகும், உதவித்தொகை போகும், நாளைக்கு அந்தப் பெண் வேலைக்குப் போனால் அதுவும் போகும். இவ்வளவும் வக்கீலுக்குத் தோன்றியிருக்குமா என்று யோசித்தேன். தோன்றியிருக்கும். அவர் கெட்டவர் இல்லை, அவர் கட்சிக்காரருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம், அவ்வளவுதான். நானும் அதே ஆபீசில் சம்பளம் வாங்குகிறவன்தான்.

எழுத்தர் எங்கள் பத்திரத்தின் எண்ணைக் கூப்பிட்டார்.

நல்லபடியாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமே இல்லை. அவன் எழுந்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"கையெழுத்துப் போடாதே."

"ஏங்க, நெலம் வேண்டாங்கறீங்களா?"

"போட்டா நீ காத்தமுத்து மகன் இல்லைனு ஆயிடும். உன் பொண்ணு அவர் பேத்தி இல்லைனு ஆயிடும். இந்த ரெண்டு காகிதமும் ஒண்ணாப் போகாது."

அவன் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். படிக்கத் தெரிந்தவன், அதிக நேரம் ஆகவில்லை. எழுத்தர் மறுபடி கூப்பிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நாலு குடம் தண்ணி ஊத்திக் கழுவினாங்க. இப்ப அவங்க புள்ளைன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அதுக்கும் நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நெலமும் போகக் கூடாது, அப்பா பேரும் போகக் கூடாது. அதுக்கு வழி இருக்குங்களா, இல்லீங்களா?"

"ஒண்ணு இருக்கு. அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லைன்னு கோர்ட்டுல சொல்லணும். நிலம் உபரியாகும். உபரி நிலத்தைச் சாகுபடி பண்றவங்களுக்குக் கொடுக்கலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

"பொறக்கலைன்னு யாரு சொல்றது? நான் சொன்னா நம்புவாங்களா?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த முத்திரைக் கட்டண அட்டவணையைப் பார்த்தேன். பிறகு, நான் சொல்கிறேன் என்றேன். துணிச்சலால் இல்லை. வேறு ஆளே இல்லை. கர்ணம் போய்ச் சேர்ந்துவிட்டார், மிராசுதாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மிச்சம் நான்தான்.

காகிதம் ஒன்று குறைகிறது, இன்னொரு நாள் பதியலாம் என்று சொல்லிக் கணேசனை அன்றைக்குத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாய்தாவில் நீதிபதி கேட்டதும் மாரிமுத்து சொன்னான். "நான் அந்தப் புள்ளை இல்லீங்கய்யா. நான் காத்தமுத்து மகன். அன்னிக்குப் பேரை எழுதுனவங்களும், எனக்குச் சட்டை மாட்டுனவங்களும் இந்தக் கோர்ட்டுலயே இருக்காங்க, கேளுங்க." நான் கட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வக்கீல் என் காதருகே வந்து, கட்சிக்காரர் ரகசியம், வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்றார். மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதை அப்போது அவருக்கு நினைவுபடுத்தினேன், கொஞ்சம் சத்தமாகவே.

கூண்டில் ஏறிச் சொன்னேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. பெயர் நான் வைத்தது. பாலசுப்பிரமணியன் என்று ஒருவர் பிறக்கவில்லை. கணேசனின் தாயார் அன்று நீதிமன்றத்தில் இருந்தார். நீதிபதி அவரிடம், இவர் சொல்வது சரியா அம்மா என்று கேட்டார். அந்த அம்மாள் மகன்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் பெத்தது மூணுங்க" என்றார். அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மற்ற சொத்துக்குப் புரோபேட் கிடைத்தது. உச்சவரம்புக் கோப்பை மறுபடி திறந்தார்கள். என் வேலை அன்று சாயங்காலமே போனது. பொய்ப் படிவம் எழுதியதற்காக ஒரு வருஷம் என்னை விசாரணைக்கு இழுத்தடித்தார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை, எழுதியது நான்தானே. ஊரில் இருந்த குமாஸ்தாக்கள் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். கட்சிக்காரரைக் காட்டிக் கொடுத்தவன் என்று இரண்டு வருஷம் எவரும் வேலை தரவில்லை. அப்புறம் ஒரு இளம் வக்கீல் எடுத்துக்கொண்டார். இவன் எழுதிக் கொடுத்தால் நீதிபதி நம்புவார் என்று அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு இந்தக் கதை தெரிந்து, நான் என்னவோ தியாகம் செய்ததாகப் பேசிக்கொள்கிறீர்களாம். தியாகம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருஷம் முன்னால் படிவத்தில் ஐந்து என்று எழுதியிருந்தால் எவரும் கூண்டில் ஏறியிருக்க வேண்டாம்.

நிலம் உபரியானது, பங்கிட்டுத் தருகிறோம் என்று பந்தல் போட்டு, மாலை போட்டு, அமைச்சர் பேசினார். அதற்குள் ஆட்சி ஒரு தடவை மாறி, பந்தலின் நிறமும் மாறியிருந்தது. ஐந்து ஏக்கரையும் மூன்று குடும்பத்துக்குப் பிரித்தார்கள். காத்தமுத்துவுக்கு ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அவன் போட்ட வரப்பு அவன் பங்கிலேயே வந்தது. அது அதிகாரிகளின் கருணையால் இல்லை, தெருவே சேர்ந்து நின்று அளக்க வைத்தது. பட்டாவில் அவன் பெயர். அதை மகனை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டானாம்.

நான் ஓய்வுபெறும் வருஷம் மாரிமுத்து ஆபீசுக்கு வந்தான். தலை மொட்டை அடித்திருந்தது. அப்பா தவறிப் பதினாறு நாள் ஆகிறது, பட்டாவை மாற்ற வாரிசுச் சான்றுக்கு மனு எழுத வேண்டும் என்றான். வேறு நல்ல குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், என்னிடம்தான் வர வேண்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டேன்.

"அப்பாவுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு?"

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரே புள்ளை, மாரிமுத்துன்னு எழுதுங்க. கூட யாரையும் சேத்துடாதீங்க."